மோதிரம், தழும்பு, செருப்பு: அடையாளம் காணும் காட்சி எங்கே பிறந்தது?

3 மார்ச், மாலை 6.20 (வாசகர் ஒருவரின் கருத்து)

பிரிந்தவர்கள் ஒரு மோதிரத்தையோ, மச்சத்தையோ, பாதிப் பதக்கத்தையோ பார்த்து ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளும் காட்சிகள் எல்லாமே காளிதாசனின் சாகுந்தலத்திலிருந்து வந்தவைதான். அதற்கு முன் இந்தக் கதைக்கூறு எங்கும் இல்லை. பிறகு வந்தவர்கள் எல்லாரும் நகலெடுத்தார்கள். மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 10.50

மறுப்பு உண்டு. அதற்கு முன் சாகுந்தலத்தையே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாதி விடை அதற்குள்ளேயே கிடக்கிறது.

சகுந்தலை கதை மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் இருக்கிறது. அதில் மோதிரம் கிடையாது. துர்வாசர் சாபம் கிடையாது. மீனும் கிடையாது. சகுந்தலை மகனைக் கூட்டிக்கொண்டு அரசவைக்கு வருகிறாள். துஷ்யந்தனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நினைவிருந்தும், உன்னை எனக்குத் தெரியாது என்கிறான். அவள் அழுதுகொண்டு திரும்பிவிடவில்லை. சபை நடுவில் நின்று வாய்மை என்றால் என்ன என்று அவனுக்குப் பாடம் எடுக்கிறாள். கடைசியில் அசரீரி ஒலித்து இவள் உன் மனைவி, இவன் உன் மகன் என்று சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொள்கிறான். அப்போது அவன் சொல்லும் காரணம்: எனக்கு முன்பே தெரியும், ஆனால் இவள் சொல்லை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் மக்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இந்த ஆளைக் காதல் நாடகத்தின் நாயகனாக மேடையில் நிறுத்த முடியுமா? காளிதாசனுக்கு வந்த இக்கட்டு இதுதான். எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால் அரசன் அவளை மறுத்தே ஆக வேண்டும். ஆனால் பார்க்கிறவர்கள் அவனை வெறுத்துவிடக் கூடாது. அதனால் சாபம் வந்தது. அவன் பொய் சொல்லவில்லை, மறந்துபோனான். மறதி தீர ஒரு வழி வேண்டும், அதற்கு மோதிரம் வந்தது. மோதிரம் உடனே கைக்குக் கிடைத்தால் நாடகம் அங்கேயே முடிந்துவிடும், அதனால் அது நீரில் விழுந்தது, மீன் விழுங்கியது.

என் கட்சி இது. ஒரு கதைக்கூறு எந்த ஊரில், எந்த நூலில் பிறந்தது என்று தேடுவதைவிட, எந்த இக்கட்டில் கதைசொல்லி அதைக் கையில் எடுத்தான் என்று தேடினால் கூடுதலாகக் கிடைக்கும். ஒரே இக்கட்டு பல பேருக்கு வரும். ஒரே வழியைப் பல பேர் தனித்தனியாகக் கண்டுபிடிப்பார்கள். யாரும் யாரையும் நகலெடுத்திருக்கத் தேவையில்லை.

4 மார்ச், காலை 7.15

நேற்று விட்டுப்போனது. நாடகத்தின் முழுப்பெயர் அபிஞான சாகுந்தலம். அபிஞானம் என்றால் கண்டுகொள்ள உதவும் அடையாளம். மூலக்கதையில் இல்லாமல் தான் புதிதாகச் சேர்த்த பொருளையே காளிதாசன் தலைப்பில் ஏற்றியிருக்கிறான்.

ஆனால் அந்தச் சொல் அவனுக்கு முன்பே கதையில் புழங்கியது. இராமன் தன் பெயர் பொறித்த கணையாழியை அனுமனிடம் கொடுக்கும் இடத்தில் வால்மீகி அதையும் அபிஞானம் என்றே சொல்கிறார். எனவே "அதற்கு முன் எங்கும் இல்லை" என்பது நிற்காது. மோதிரம் நம் கைக்குள்ளேயே அதற்கு முன்னால் இருந்திருக்கிறது.

4 மார்ச், இரவு 11.30

இன்னும் பின்னால் போனால் தழும்பு வருகிறது.

ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியின் 19ஆம் காண்டம். ஒடிசியஸ் இருபது ஆண்டு கழித்துப் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வருகிறான். வந்தவனுக்குக் கால் கழுவிவிடச் சொல்லி யூரிக்ளியா என்ற கிழவியை அனுப்புகிறார்கள். அவனைக் குழந்தையிலிருந்து வளர்த்தவள். அவன் நெருப்பொளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்கிறான், முழங்காலுக்கு மேல் உள்ள தழும்பை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று. பார்க்க முடியாவிட்டால் என்ன, கை தடவுகிறதே. உள்ளங்கையில் தழும்பு தட்டுப்பட்டதும் அவள் காலை விட்டுவிடுகிறாள். கால் வெண்கலப் பாத்திரத்தில் விழுகிறது. பாத்திரம் சாய்ந்து தண்ணீர் தரையில் ஓடுகிறது.

கை தட்டுப்படுவதற்கும் கால் விழுவதற்கும் நடுவில் எழுபது வரிக்கு மேல் ஹோமர் அந்தத் தழும்பின் கதையைச் சொல்கிறார்: பாட்டன் வீட்டுக்குப் போன சிறுவன், காட்டுப்பன்றி வேட்டை, பன்றியின் கொம்பு கிழித்த தொடை. அதுவரை கிழவியின் கை அந்தரத்தில் நிற்கிறது.

முன்பெல்லாம் இந்த எழுபது வரியை நான் தாண்டிப் போய்விடுவேன். கதையை நிறுத்திவிட்டு எதற்கு இந்தப் பழங்கதை என்று தோன்றும். சென்ற ஆண்டு அந்த எண்ணம் மாறியது. ஒரு ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் ஒருவர் என் பள்ளிப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. தலை வழுக்கை, தடித்த கண்ணாடி. பெயரைச் சொன்னார், அப்போதும் முகத்தில் அந்தப் பெயர் ஒட்டவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார். சுண்டுவிரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டு பட்டையாக வளர்ந்திருந்தது. அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு, மழை நாள், வகுப்பறைக் கதவை நான் அறைந்து சாத்தியது, ஒரு அலறல். முப்பத்தொரு ஆண்டு ஒரே நொடியில் போய்விட்டது. அவர் முகம் அதற்குப் பிறகுதான் எனக்கு முகமாயிற்று.

நகம் மட்டும் போதாது. அந்த நகத்தின் கதை எனக்குள் இருந்ததால்தான் அது அடையாளம் ஆனது. வேறு யாருக்கும் அது வெறும் பழுதான நகம். ஹோமர் எழுபது வரியை அந்த இடத்தில் வைத்ததற்குக் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கிழவியின் கை தொட்டது தோலை இல்லை, அந்த எழுபது வரியை.

6 மார்ச், மாலை 5.05

"இதெல்லாம் சினிமாவில் பார்த்துப் பார்த்துச் சலித்த காட்சி" என்று எழுதியிருந்தார்கள். சலிப்பும் பழையதுதான். ஏறக்குறைய 2,400 ஆண்டுப் பழைய சலிப்பு.

கி.மு. 458இல் ஏதென்ஸில் எஸ்கிலஸின் நாடகம் ஒன்று. தந்தையின் கல்லறையில் ஒரு முடிக்கற்றை கிடக்கிறது. எலெக்ட்ரா பார்க்கிறாள், தன் முடி மாதிரியே இருக்கிறது. பக்கத்தில் கால்தடம், தன் கால் மாதிரியே இருக்கிறது. கடைசியில் தான் நெய்த துணி. தம்பி ஒரெஸ்டிஸ் வந்துவிட்டான்!

சில பத்தாண்டு கழித்து யூரிப்பிடிஸ் அதே கதையை எழுதுகிறார். ஒரு கிழவர் அதே மூன்று சான்றையும் சொல்லச் சொல்ல, அவருடைய எலெக்ட்ரா ஒவ்வொன்றாகத் தட்டிவிடுகிறாள். ஆம்பளை முடியும் வாரிவிட்ட பெண்ணின் முடியும் எப்படி ஒன்றாக இருக்கும்? பாறைத் தரையில் கால்தடம் எப்படிப் பதியும்? பதிந்தாலும் அண்ணன் தங்கை கால் ஒரே அளவா? சின்ன வயதில் நெய்த சட்டை வளர்ந்தவனுக்கு எப்படிச் சேரும்?

பார்வையாளர்கள் சிரித்திருப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த இடம். இவ்வளவும் கேலி செய்துவிட்டு யூரிப்பிடிஸ் என்ன செய்கிறார்? தழும்புக்கே போகிறார். ஒரெஸ்டிஸின் புருவத்தருகே ஒரு தழும்பு. சிறுவயதில் அக்காவோடு மான்குட்டியைத் துரத்தி ஓடி விழுந்தபோது பட்டது. பார்த்தீர்களா, அக்காவும் அந்தத் தழும்புக் கதைக்குள் இருக்கிறாள். முடி, கால்தடம், துணி மூன்றும் அளவை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவை. தழும்பு சேர்ந்து ஓடிய ஒரு நாளைச் சேர்த்துக் கொண்டுவருகிறது.

(மேலே அண்ணன் தங்கை என்று எழுதிவிட்டேன். எலெக்ட்ராதான் மூத்தவள். அக்கா தம்பி என்று படிக்கவும்.)

6 மார்ச், இரவு 9.40

அரிஸ்டாட்டிலையும் சொல்லிவிடுகிறேன். கவிதையியல் 16ஆம் அத்தியாயத்தில் கண்டுகொள்ளும் காட்சிகளை வகை பிரிக்கிறார். மச்சம், தழும்பு, கழுத்தணி எல்லாம் கடைசித் தரம், வேறு வழி தெரியாதவர்கள் எடுப்பது. சம்பவங்களின் போக்கிலேயே தானாக வெளிப்படுவதுதான் முதல் தரம், ஈடிபஸ் கதையில் மாதிரி. ஆனால் அவரே ஒடிசியஸின் தழும்பை இரண்டாகப் பிரிக்கிறார். பன்றி மேய்ப்பவர்களிடம் அவனே துணியை விலக்கிக் காட்டுவது மட்டம். கிழவியின் கையில் எதிர்பாராமல் தட்டுப்படுவது மேல். ஒரே தழும்புதான்.

எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. பொருளைக் குறை சொல்லாதே, அது கைக்கு வந்த விதத்தைப் பார்.

7 மார்ச், இரவு 11.10

3ஆம் தேதி எழுதியதில் ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். "யாரும் யாரையும் நகலெடுத்திருக்கத் தேவையில்லை" என்று வேகத்தில் எழுதிவிட்டேன். மீனைப் பற்றி ஒருவர் கேட்டதும் அந்த வேகம் அடங்கிவிட்டது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டு. சாமோஸ் தீவின் ஆட்சியாளன் பாலிகிரட்டீஸுக்குத் தொட்டதெல்லாம் பலிக்கிறது. எகிப்து மன்னன் அமாசிஸ் அவனுக்கு எழுதுகிறான்: இவ்வளவு அதிர்ஷ்டம் ஆபத்து, தெய்வங்களுக்குப் பொறுக்காது, உனக்கு மிகப் பிடித்த பொருளைத் தூக்கி எறிந்துவிடு. அவன் நடுக்கடலுக்குப் போய் மரகத மோதிரத்தை எறிகிறான். சில நாளில் ஒரு மீனவன் பெரிய மீன் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறான். அறுத்தால் உள்ளே மோதிரம்.

மோதிரம், நீர், மீன், மீனவன், அரசன். சாகுந்தலத்தில் உள்ள ஐந்தும் அப்படியே. "இக்கட்டு ஒன்று, வழி ஒன்று" என்று சொல்லி இதிலிருந்து நழுவ முடியாது. கதைகள் நடந்துபோகும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய், 8ஆம் நூற்றாண்டில் அரபிக்கு மாறி, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. நரியின் பெயர் கூட கரடகன், தமனகனிலிருந்து கலீலா, திம்னா என்று தேய்ந்து கூடவே போயிருக்கிறது.

எனவே திருத்தம்: பொதுவான அமைப்பு தானாக முளைக்கலாம். ஆனால் விவரம் சின்னதாக, இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததாக இருந்தால், அது நடந்து வந்திருக்கும் என்றே சந்தேகப்பட வேண்டும்.

8 மார்ச், காலை 6.30

படுத்தபிறகும் மீன் விடவில்லை. நேற்றைய திருத்தத்துக்கு ஒரு திருத்தம்.

மீன் அப்படியொன்றும் கட்டாயம் இல்லாத விவரம் இல்லை. மோதிரம் நீரில் விழுந்துவிட்டது, அரசனிடம் திரும்பி வர வேண்டும். நீருக்குள்ளிருந்து மனிதன் கையால் தினமும் வெளியே வருவது எது? மீன்தானே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரச் சின்னத்தில் வாயில் மோதிரம் கவ்விய மீன் இருக்கிறது, அங்கே கென்டிகெர்ன் என்ற புனிதரைப் பற்றிய கதை அது. மூன்றும் ஒரே மீனின் குட்டிகளா, மூன்று தனி மீன்களா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். பாலிகிரட்டீஸுக்கு மோதிரம் திரும்பி வந்ததைக் கேட்டதும் அமாசிஸ் நட்பையே முறித்துக்கொள்கிறான். தொலைத்ததும் திரும்பி வரும் அளவு அதிர்ஷ்டம் உள்ளவனுக்குக் கெட்ட முடிவு நிச்சயம் என்று. துஷ்யந்தனுக்கு அதே மீன் நினைவைக் கொண்டுவருகிறது. நினைவு வந்த பிறகு அவன் படும் வேதனை ஓர் அங்கம் முழுக்க ஓடுகிறது. ஒரே மீன், ஒருவனுக்குச் சாவுச் செய்தி, இன்னொருவனுக்கு மனசாட்சி. நகலே ஆனாலும் காளிதாசன் அதைப் பிழைப்புக்கு எடுக்கவில்லை.

9 மார்ச், மாலை 4.45

செருப்பு. என் மகளுக்கு ஆறு வயதில் சிண்ட்ரெல்லா கதை சொல்லும்போது அவள் கேட்டது இது: "அந்த அளவு கால் வேற யாருக்குமே இல்லையாப்பா?" பதில் சொல்ல முடியவில்லை. இப்போது முயற்சி செய்கிறேன்.

பழைய வடிவம் ஒன்று ஸ்ட்ராபோவின் புவியியல் நூலில் கிடைக்கிறது. ரோடோபிஸ் என்ற பெண் குளிக்கும்போது ஒரு கழுகு அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய் எகிப்தின் மெம்பிஸில் அரசன் மடியில் போடுகிறது. அவன் நாடு முழுக்க ஆள் விட்டுச் செருப்புக்குரியவளைத் தேடுகிறான். சீனாவில் 9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த யே ஷியான் கதையில் பொன் செருப்பு. கல்லில் மிதித்தாலும் சத்தம் வராத அளவு லேசு. அங்கேயும் மாற்றாந்தாய் உண்டு. அங்கேயும் ஒரு மீன் உண்டு, அது வேறு வேலைக்கு. 1893இல் மரியன் காக்ஸ் இந்தக் கதையின் 345 வடிவங்களைத் திரட்டி ஒரே நூலாகப் போட்டார். நாட்டார் கதை வகைப்பட்டியலில் இதற்கு 510ஏ என்று எண்ணே உண்டு.

கண்ணாடிச் செருப்பு மட்டும் பெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் 1697 நூலில் வருவது. அது ஒரு கேட்புப் பிழை. பிரெஞ்சில் கண்ணாடிக்கும் ஒருவகை மென்மயிர்த் தோலுக்கும் ஒரே உச்சரிப்பு. தோல் செருப்புதான் கண்ணாடியாகிவிட்டது.

9 மார்ச், இரவு 10.20

மேலே உள்ள கடைசிப் பத்தி தவறு. பல ஆண்டாக நம்பிக்கொண்டிருந்தேன், எழுதியபிறகு சரிபார்த்தேன். பெரோவின் 1697 பதிப்பிலேயே தெளிவாகக் கண்ணாடி என்ற சொல்தான் அச்சாகியிருக்கிறது. தோல் விளக்கம் 19ஆம் நூற்றாண்டில் பால்சாக் போன்றவர்கள் கிளப்பிப் பரப்பியது. கண்ணாடியில் செருப்பு எப்படி என்று அறிவு உறுத்த, சமாதானம் தேடியிருக்கிறார்கள்.

யோசித்தால் கண்ணாடிதான் சரி. தோல் கொடுக்கும், இழுத்தால் விரியும். கண்ணாடி ஒரு நூல் கூட விட்டுக்கொடுக்காது. கிரிம் சகோதரர்களின் வடிவத்தில் ஒரு சகோதரி கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொண்டு பொன் செருப்புக்குள் காலைத் திணிக்கிறார்கள். வழியும் ரத்தத்தைப் பறவைகள் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி என்றால் பறவை தேவையில்லை.

மகளின் கேள்விக்கு என் பதில்: அதே அளவு கால் வேறு யாருக்காவது இருந்திருக்கும்மா. அதனால்தான் பெரோ அவள் பையிலிருந்து இன்னொரு செருப்பையும் எடுக்க வைத்தார். ஒன்று பொருந்துவது தற்செயல். ஜோடி அவளிடம் இருப்பதுதான் சான்று.

11 மார்ச், இரவு 9.00

மாற்றாந்தாய் பற்றிக் கேட்டிருந்தார்கள். இழை விலகுகிறது, பரவாயில்லை, இதற்குப் பிறந்த தேதியே இருக்கிறது. கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டு வரச் சொன்னவளும் முதலில் பெற்றவள்தான். 1840இல்தான் மாறினாள். குழந்தைகள் கையில் போகும் புத்தகத்தில் தாய் தாயாகவே இருக்கட்டும் என்று ஒரு பேனா தாயைக் காப்பாற்றியது. அந்தப் பழியை அன்றிலிருந்து மாற்றாந்தாய்கள் சுமக்கிறார்கள். யே ஷியானைப் பார்த்தால் அதற்கு முன்பும் சுமந்தார்கள்தான். ஆனால் இந்த இரண்டு கதைகளில் அவர்கள் மேல் ஏற்றப்பட்டது திட்டமிட்ட பழி. மாற்றாந்தாய் வளர்த்த ஒருவன் என்ற முறையில் இது எனக்கு வலிக்கும். என்னை வளர்த்தவர் எனக்கு இந்தக் கதைகளைத்தான் படித்துக் காட்டினார். அந்த இடம் வரும்போது குரலை மாற்றாமல் படிப்பார்.

இன்னொரு பிறந்த தேதி: சூரிய ஒளி பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துபோவது. 1897 நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். வெயிலில் கரைவது 1922இல் வந்த நோஸ்ஃபெராட்டு மௌனப் படத்தில். ஆதிகாலத்து நம்பிக்கை என்று நாம் நினைப்பது ஒரு படத்தின் கடைசிக் காட்சி.

14 மார்ச், இரவு 11.45

இந்த இழையில் இத்தனை நாள் சிலம்பைப் பற்றி யாரும் பேசாதது ஆச்சரியம். நானும் உட்பட.

மோதிரமும் தழும்பும் உண்மையைச் சொல்லும் பொருள்கள். இளங்கோவின் சிலம்பு முதலில் பொய் சொல்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் ஒன்று. பொற்கொல்லன் காட்டுகிறான், அரசன் நம்புகிறான், கோவலன் உயிர் போகிறது. அடையாளப் பொருள் ஆளைக் கொன்றுவிட்டது. அதன் பிறகு அதே வகைப் பொருளே உண்மையையும் சொல்ல வேண்டும். எப்படி? உடைத்தால். அரசியின் சிலம்பில் பரல் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே" என்று இளங்கோ ஒரே வரியில் முடிக்கிறார். பரல் அரசனின் வாய்ப்பக்கம் தெறிக்கிறது. கொல்லச் சொன்ன வாய் அது.

கண்டுகொள்ளும் காட்சி வழக்கமாகப் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கும். இங்கே சேர யாரும் இல்லை. கோவலன் இறந்துவிட்டான். சான்று சரியாகத்தான் வந்தது, காலம் கடந்து வந்தது. உலகக் கதைகளில் அடையாளப் பொருளை இவ்வளவு கொடுமையாகத் திருப்பிப் போட்ட இன்னொரு இடம் எனக்குத் தெரியாது.

15 மார்ச், மாலை 6.15

பொருளைத் திருடலாம், போலி செய்யலாம். சிலம்பு அதைக் காட்டிவிட்டது. அப்புறம் எதை நம்புவது? இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை.

ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி செய்வது அதைத்தான். வந்தவன் கணவன்தானா என்று சோதிக்க, கட்டிலை வெளியே எடுத்துப் போடு என்று பணிப்பெண்ணிடம் சொல்கிறாள். அவன் கொதித்துப்போகிறான். அந்தக் கட்டிலை யார் நகர்த்த முடியும்? வேரோடு நின்ற ஒலிவ மரத்தையே ஒரு காலாக வைத்து நான் செதுக்கியதாயிற்றே! அந்தக் கோபம் போதும், அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கம்பனில் சீதை அனுப்புவது இன்னும் சின்னது, இன்னும் அழகு. சூடாமணியைக் கொடுத்து அனுப்புவதோடு நிற்கவில்லை. தன் கிளிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஒருநாள் கேட்டதையும், என் அன்னை கைகேயியின் பெயரை வை என்று இராமன் சொன்னதையும் நினைவூட்டச் சொல்கிறாள். ஒரு கிளியின் பெயர். கணவன் மனைவிக்கு நடுவில் என்றோ நடந்த அரை நிமிடப் பேச்சு. வனவாசத்துக்குக் காரணமான பெயரும் அதுவே. படிக்கும்போது நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

இன்று வங்கிக் கணக்கில் கடவுச்சொல் மறந்தால் திரையில் வரும் கேள்வி: உங்கள் முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர் என்ன?

15 மார்ச், மாலை 6.40

கணையாழியைச் சொல்லாமல் விட்டால் தவறு. அனுமன் அதை நீட்டும்போது, அவன் தூதன் என்பது சீதைக்கு ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது. சான்றாக அதற்கு வேலை இல்லை. அதனால்தான் கம்பன் அதற்கு வேறு வேலை கொடுக்கிறான். வாங்கினாள், தலையில் வைத்தாள், கண்ணில் ஒற்றினாள், தோள் பூரித்தாள், மெலிந்தாள், குளிர்ந்தாள், வெதும்பி ஏங்கினாள், பெருமூச்சு விட்டாள். வினைமேல் வினையாக அடுக்கிவிட்டு, இது இன்னதென்று சொல்ல முடியுமா என்று கம்பனே கையை விரித்துவிடுகிறான். மோதிரம் அங்கே சான்று இல்லை, ஆள்.

19 மார்ச், இரவு 10.00

"கதையில் சரி, நிஜத்தில் யார் பாதி நாணயத்தை வைத்துக்கொண்டு அலைந்தார்கள்?" அலைந்தார்கள்.

பழைய கிரேக்கத்தில் விருந்தினரும் விருந்தளித்தவரும் ஒரு பொருளை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் காலத்தில் யாராவது வந்தால் பாதியைப் பாதியோடு பொருத்திப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் சும்பொலோன். சிம்பல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் அதுதான். குறியீடு என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் ஓர் உடைந்த துண்டிலிருந்து வந்தது.

லண்டனில் 1741இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று திறந்தார்கள். குழந்தையை விட்டுப் போகும் தாய், பின்னாளில் திரும்பி வந்தால் அடையாளம் காண ஏதாவது ஒரு பொருளை விட்டுச் செல்வாள்: தேய்ந்த நாணயம், துணித்துண்டு, ரிப்பன். பெரும்பாலான தாய்கள் வரவே இல்லை. 1767இல் ஒருத்தி, ஒட்டுத்துணியில் தைத்த இதய வடிவத்தைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைக் குழந்தையோடு விட்டுப் போனாள். எட்டு ஆண்டு கழித்து 1775இல் வந்து மகனை மீட்டுக்கொண்டாள். எட்டு ஆண்டு அந்தப் பாதித் துணியை எங்கே வைத்திருந்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இதைத் தேய்வழக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

செருப்புச் சோதனை நீதிமன்றத்திலும் நடந்திருக்கிறது. பிரான்ஸில் மார்ட்டின் கெர் என்ற விவசாயி 1548இல் ஊரைவிட்டுப் போனான். சில ஆண்டுக்குப் பிறகு ஒருவன் நான்தான் மார்ட்டின் என்று வந்தான். மனைவி ஏற்றாள், சகோதரிகள் ஏற்றார்கள். பழைய கதையெல்லாம் சரியாகச் சொன்னான். பிறகு வழக்கு வந்தது. ஊர்ச் செருப்புத் தைப்பவர் சாட்சி சொன்னார்: மார்ட்டினின் கால் இதைவிடப் பெரிது. அதுவும் முடிவாகவில்லை. 1560இல் தீர்ப்புச் சொல்லப்போகும் நேரத்தில் நிஜ மார்ட்டினே மரக்கால் ஊன்றி உள்ளே வந்தான். நாடகத்தில் யாராவது இப்படி எழுதியிருந்தால் அரிஸ்டாட்டில் கடைசித் தரம் என்று ஒதுக்கியிருப்பார்.

பாருங்கள், அந்த வேடதாரிக்கு நினைவுகள் தெரிந்திருந்தன. நான்கு நாள் முன்னால் "இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததை நம்பலாம்" என்றேன். அதற்கும் முழு உத்தரவாதம் இல்லை. கிளியின் பெயரை எங்கேயோ யாரோ ஒட்டுக்கேட்டிருக்கலாம்.

23 மார்ச், இரவு 11.55

காத்திருப்பு அறையில் பார்த்த நண்பனுக்கு இந்த இழையை அனுப்பியிருந்தேன். இன்று கூப்பிட்டான்.

"கதவைச் சாத்தினது நீ இல்லடா," என்றான். "காத்து அடிச்சுச் சாத்துச்சு. நீ என் பக்கத்துலதான் நின்னே. குழாயடிக்கு இழுத்துட்டுப் போய், ரத்தம் நிக்கிற வரைக்கும் விரலைத் தண்ணியில பிடிச்சது நீதான். அதனாலதான் அன்னிக்கு உங்கிட்டே கையை நீட்டினேன்."

4ஆம் தேதி எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அங்கே கதை எனக்குள் இருந்ததால் நகம் அடையாளம் ஆனது என்றேன். எனக்குள் இருந்தது ஒரு கதை, அவனுக்குள் இருந்தது இன்னொன்று. இரண்டும் பொருந்தவில்லை. அப்படியும் கண்டுகொண்டோம்.

குழாயடி எனக்கு நினைவே இல்லை. இப்போதும் கதவு அறையும் சத்தம்தான் கேட்கிறது.